987654321: ஒரு பெரிய எண்ணைக் கையால் பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து அதன் பண்புகளைச் சொல்லச் சொன்னால், பெரும்பாலோர் உடனே வகுக்கத் தொடங்கிவிடுவார்கள். 2ஆல் போகுமா, 3ஆல் போகுமா, 7ஆல் போகுமா என்று வரிசையாக. சின்ன எண் என்றால் அது போதும். ஒன்பது இலக்க எண்ணில் அப்படி இறங்கினால் பாதி வழியிலேயே சலித்துவிடும். 987654321இன் வர்க்கமூலம் 31426ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல்.

வகுப்பதற்கு முன்னால், எண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் இந்த வேலையில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் செய்து பார்க்கப்போகிறோம். தாளும் பேனாவும் போதும். கணிப்பான் இருந்தால் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்குக்கு மேல் தேவைப்படும் இடங்களில் முடிவை மட்டும் சொல்லி, அதை நீங்களே சோதித்துப் பார்க்கச் சின்ன உதாரணங்களும் தருகிறேன்.

படி 1: முதலில் இலக்கங்களைப் பாருங்கள்

98,76,54,321. தொண்ணூற்றெட்டு கோடியே எழுபத்தாறு லட்சத்து ஐம்பத்து நான்காயிரத்து முந்நூற்று இருபத்தொன்று. 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒவ்வொரு முறை வருகின்றன, பூச்சியம் இல்லை. இந்த ஒன்பது இலக்கங்களையும் இடம் மாற்றி 3,62,880 எண்கள் எழுதலாம். அவற்றில் மிகப் பெரியது நம் எண், மிகச் சிறியது 123456789.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. ஆகவே அந்த 3,62,880 எண்களுமே 9ஆல் வகுபடும். ஒன்றுகூடப் பகா எண் ஆக முடியாது. ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் இவ்வளவு தெரிந்துவிட்டது.

மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்தால் 987, 654, 321. இவற்றை மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 987 − 654 + 321 = 654. நடுவில் இருந்த 654 அப்படியே திரும்பி வந்துவிட்டது. 987உம் 321உம் அதிலிருந்து சரியாக 333 தள்ளி இருபுறமும் நிற்பதுதான் காரணம். 7 × 11 × 13 = 1001 என்பதால், இந்த 654ஐ 7, 11, 13ஆல் வகுத்தால் வரும் மீதிகளே மூல எண்ணின் மீதிகளும்: முறையே 3, 5, 4. மூன்றாலும் வகுபடாது.

படி 2: எண்ணுக்குள் இருக்கும் உருவத்தைத் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கே செலவிடும் நேரம் பின்னால் பல மடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்பதால் நிதானமாகவே போவோம்.

இந்த அடுக்கைப் பலர் பார்த்திருப்பீர்கள்:

1 × 8 + 1 = 9
12 × 8 + 2 = 98
123 × 8 + 3 = 987
1234 × 8 + 4 = 9876

இப்படியே போனால் கடைசியில் 123456789 × 8 + 9 = 987654321. வேடிக்கைக் கணக்காகவே இதைக் காட்டுவது வழக்கம். ஏன் இப்படி வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. காரணம் எளிது. ஒரு வரியில் க இலக்கங்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். அடுத்த வரிக்குப் போக, இடப்பக்க எண்ணை 10ஆல் பெருக்கி (க + 1)ஐக் கூட்டுகிறோம். அதை 8ஆல் பெருக்கி இன்னொரு (க + 1)ஐச் சேர்த்தால், பழைய பெருக்குத்தொகையின் பத்து மடங்கோடு 9 × (க + 1) சேர்கிறது. பழைய பெருக்குத்தொகை என்பது பழைய விடையில் க குறைவு; அதன் பத்து மடங்கில் 10க குறைவு. ஆக, புதிய விடை = பழைய விடையின் பத்து மடங்கு + (9 − க). விடையின் அடுத்த இலக்கம் 9 − க. 9, 8, 7 என்று இறங்கி வர வேண்டியதும் அதுதானே.

இதிலிருந்து உடனே ஒரு பலன். 987654321ஐ 123456789ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 9. 123456789 இந்த 9ஆல் மிச்சமின்றி வகுபடும். எனவே இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 9. பெரியதைச் சிறியதால் வகுத்து, சிறியதை மீதியால் வகுத்து, மீதி பூச்சியம் ஆகும்வரை போகும் யூக்ளிட் முறைக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டே வரியில் முடிந்துவிட்டது.

இன்னும் தோண்டலாம். இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால் ஒவ்வொரு பத்தியிலும் 10 வரும், கூட்டுத்தொகை 1111111110. அப்படியானால் 123456789 என்பது 1111111110 − 987654321. அதை 8ஆல் பெருக்கி 9 கூட்டினால் நம் எண் வர வேண்டும். பக்கம் மாற்றி எழுதுங்கள்:

9 × 987654321 = 8888888880 + 9 = 8888888889

மறுபடியும் 9ஆல் பெருக்குங்கள்:

81 × 987654321 = 80000000001

இதுதான் நாம் தேடிய உருவம். வெளியே பார்க்க ஒன்பது வெவ்வேறு இலக்கங்கள். உள்ளே இருப்பதோ ஓர் 8, ஒரு 1, நடுவில் பூச்சியங்கள். 80ஐ 81ஆல் வகுத்தால் 0.987654320987654320… என்று சுழல்வதற்கும் இதே உறவுதான் காரணம்.

படி 3: எந்தப் பகா எண்களுக்கு இடமே இல்லை என்று கண்டுபிடியுங்கள்

80000000001ஐ இரண்டால் பெருக்கினால் 160000000002. அது 400000² + 2. ஆக,

162 × 987654321 = 400000² + 2

நம் எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் வலப்பக்கத்தையும் வகுத்தாக வேண்டும். ஒரு வர்க்கத்தோடு 2 கூட்டி வரும் எண்ணை எல்லாப் பகா எண்ணாலும் வகுத்துவிட முடியாது. அதை வகுக்கும் ஒற்றைப் பகா எண் ஒவ்வொன்றும், 8ஆல் வகுத்தால் 1 அல்லது 3 மீதி தருவதாக இருக்கும். நிரூபணத்துக்கு எண் கோட்பாட்டின் இருபடி மீதிகள் பற்றிய பகுதி வேண்டும். உதாரணங்களில் சரிபார்க்க ஒன்றும் வேண்டாம். 3² + 2 = 11. 5² + 2 = 27, அதாவது 3இன் அடுக்கு. 7² + 2 = 51 = 3 × 17. 9² + 2 = 83. 11² + 2 = 123 = 3 × 41. 13² + 2 = 171 = 9 × 19. இங்கே வந்த 3, 11, 17, 83, 41, 19 எல்லாமே 8ஆல் வகுக்க 1 அல்லது 3தான் மீதி தருகின்றன. 5, 7, 13, 23 போன்றவை எவ்வளவு தூரம் போனாலும் தலைகாட்டாது.

ஆகவே 5, 7, 13, 23, 29, 31, 37… எல்லாவற்றையும் தொடாமலே ஒதுக்கிவிடலாம். 7, 13ஆல் வகுபடாது என்று படி 1இல் பார்த்தது இப்போது தானாகவே கிடைக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் பகா எண்களில் ஏறக்குறைய பாதி ஒரே அடியில் போய்விட்டது.

பெரிய எண்களை உடைத்தவர்கள் எல்லோருக்கும் இந்த உத்தி பழக்கமானது. 2³² + 1 = 4294967297 ஒரு பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார். மற்றக் காரணி 6700417. அந்த எண்ணின் பகாக் காரணிகள் எல்லாம் 64க + 1 (இங்கே க ஏதாவது ஒரு முழு எண்) என்ற வடிவில்தான் இருக்க முடியும். அந்த வடிவில் வரும் பகா எண்களை எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே விடை. பத்து இலக்க எண்ணை உடைக்க ஐந்து வகுத்தல்! இன்னொன்று: 1903இல் பிராங்க் நெல்சன் கோல் 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார். அங்கும் காரணிகள் 134க + 1 வடிவில்தான் வரும். 193707721ஐ 134ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1.

படி 4: இப்போது வகுங்கள்

மிச்சமிருப்பவை 3, 11, 17, 19, 41, 43… என்று போகும் வரிசை.

9ஆல் வகுபடும் என்று தெரியும். 987654321 ÷ 9 = 109739369. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 47, எனவே இன்னொரு 3 இல்லை. 11ஆல் வகுத்தால் நம் எண் 5 மீதி தரும் என்று முன்பே பார்த்தோம்.

அடுத்தது 17. இதற்கு ஒரு கைமுறைச் சோதனை உண்டு: கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் ஐந்து மடங்கை மிச்சத்திலிருந்து கழிக்க வேண்டும். மூல எண்ணிலேயே செய்து பார்ப்போம்.

98765432 − 5 = 98765427
9876542 − 35 = 9876507
987650 − 35 = 987615
98761 − 25 = 98736
9873 − 30 = 9843
984 − 15 = 969
96 − 45 = 51

51 = 3 × 17. வகுபடும். 109739369 ÷ 17 = 6455257. அதோடு விடாமல் மறுபடியும் 17ஆல் வகுத்துப் பாருங்கள்: 6455257 ÷ 17 = 379721. இன்னொரு முறையும் போகிறது! மூன்றாவது முறை 9 மீதி வந்து நின்றுவிடுகிறது. ஒரு காரணி கிடைத்ததும் அடுத்த பகா எண்ணுக்குத் தாவிவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம். கிடைத்த காரணியாலேயே முடியும்வரை வகுத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

இப்போது கையில் இருப்பது:

987654321 = 3² × 17² × 379721

379721 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 616.2. அதுவரை 112 பகா எண்கள் உள்ளன. 31426 வரை போக வேண்டிய வேலை 616இல் முடிகிறது. இதையும் குறைக்கலாம்.

படி 5: 379721ஐ இரண்டு வர்க்கங்களாகப் பிரியுங்கள்

எனக்கு இந்த எண்ணில் மிகப் பிடித்த இடம் இது.

4ஆல் வகுக்க 1 மீதி தரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும், அதுவும் ஒரே ஒரு வழியில். 1640 டிசம்பரில் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மா இதைச் சொன்னார். நிரூபணம் ஆய்லரிடமிருந்து வர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 379721ஐ 4ஆல் வகுத்தால் 1 மீதி. எனவே இரண்டு வர்க்கமாகப் பிரிகிறதா என்று தேடுவது வீண் போகாது. பிரியவே இல்லை என்றால் அது பகா எண் இல்லை என்று உறுதி. பிரிந்துவிட்டால் வகுக்க வேண்டிய பகா எண்களின் பட்டியல் இன்னும் சுருங்கும். எப்படியும் ஏதாவது தெரியவரும்.

379721 = அ² + ஆ² என்று வைப்போம். கூட்டுத்தொகை ஒற்றை எண் என்பதால் ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை. ஆ இரட்டை எண்ணாக இருக்கட்டும். சல்லடையை ஒவ்வொன்றாகப் போடுவோம்.

முதல் சல்லடை 8. எந்த ஒற்றை வர்க்கமும் 8ஆல் வகுக்க 1 மீதி தரும். 379721உம் 1தான் தருகிறது. எனவே ஆ² 8ஆல் வகுபட வேண்டும். அதற்கு ஆ 4இன் மடங்காக இருந்தாக வேண்டும். 616 வரை 154 எண்கள்தான் மிச்சம்.

அடுத்தது 3. 379721ஐ 3ஆல் வகுத்தால் 2 மீதி. வர்க்கங்கள் 0 அல்லது 1 மட்டுமே மீதி தரும் என்பதால், 2 வர வேண்டுமானால் இரண்டுமே 1 தர வேண்டும். ஆ 3இன் மடங்கு இல்லை.

5இல் மீதி 1. வர்க்கங்களின் மீதிகள் 0, 1, 4. இவற்றில் 1ஐத் தரும் ஒரே சேர்க்கை 0 + 1. ஆகவே ஆவை 5ஆல் வகுத்தால் 0, 1, 4 இவற்றில் ஒன்று.

7இல் மீதி 6. வர்க்கங்களின் மீதிகள் 0, 1, 2, 4. 6 வர 2 + 4 மட்டுமே வழி. எனவே ஆவை 7ஆல் வகுத்தால் 2, 3, 4, 5 இவற்றில் ஒன்று.

எல்லாச் சல்லடையையும் தாண்டி வரும் எண்களைச் சிறியதிலிருந்து எழுதினால் 4, 16, 40, 44, 80… ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

379721 − 4² = 379705. 05 என்று முடியும் வர்க்கம் கிடையாது. 5இல் முடியும் வர்க்கம் 25 என்றுதான் முடியும்.
379721 − 16² = 379465. அதே காரணம்.
379721 − 40² = 378121. 614² = 376996, 615² = 378225. நடுவில் விழுகிறது, இல்லை.
379721 − 44² = 377785. இல்லை.
379721 − 80² = 373321. 611² = 373321.

கிடைத்துவிட்டது: 379721 = 611² + 80².

படி 6: பகா எண்ணா என்று முடிவு கட்டுங்கள்

611 = 13 × 47. 80இல் 2உம் 5உம் மட்டுமே. இரண்டும் சார்பகா எண்கள். பொதுக் காரணி இல்லாத இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை வகுக்கும் ஒற்றைப் பகா எண்கள், 4ஆல் வகுத்தால் 1 மீதி தருபவை மட்டுமே. படி 3இன்படி 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 3. இரண்டு நிபந்தனையும் ஒன்றாகப் பொருந்த ஒரே வழிதான் உண்டு: 8ஆல் வகுக்க மீதி 1.

616க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 25 மட்டுமே. அதில் 17ஐப் பார்த்தாயிற்று. மிச்சம் 24. இது ஒரே மூச்சில் முடிகிற வேலை. 379721ஐ இவற்றால் வகுத்தால் வரும் மீதிகள்:

41 → 20, 73 → 48, 89 → 47, 97 → 63, 113 → 41, 137 → 94
193 → 90, 233 → 164, 241 → 146, 257 → 132, 281 → 90, 313 → 52
337 → 259, 353 → 246, 401 → 375, 409 → 169, 433 → 413, 449 → 316
457 → 411, 521 → 433, 569 → 198, 577 → 55, 593 → 201, 601 → 490

எங்கும் பூச்சியம் இல்லை. 379721 பகா எண். மூவாயிரத்துக்கு மேல் வகுத்தல் தேவைப்படும் என்று தோன்றிய இடத்தில் முப்பதுக்கும் குறைவாகவே வகுத்திருக்கிறோம்.

படி 7: வகுத்திகளை எண்ணுங்கள்

காரணிப்படுத்தி முடித்த பிறகு மற்றவை இயந்திர வேலைதான். அடுக்குகள் 2, 2, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 3 × 3 × 2 = 18 வகுத்திகள். அவற்றில் ஒன்பது 1, 3, 9, 17, 51, 153, 289, 867, 2601. மற்ற ஒன்பதும் இவற்றை 379721ஆல் பெருக்கிக் கிடைப்பவை.

எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை: (1 + 3 + 9) × (1 + 17 + 289) × (1 + 379721) = 13 × 307 × 379722 = 1515470502. இதில் எண்ணையே கழித்தால் 527816181. எண்ணைவிடச் சிறியது, எனவே இது குறைவெண். ஒற்றை எண்களில் பெரும்பாலானவை இப்படித்தான். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டு தன்னைத் தாண்டும் முதல் ஒற்றை எண் 945. சரியாகச் சமமாகும் ஒற்றை எண், அதாவது ஒற்றை நிறைவெண், இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

1 முதல் 987654321 வரை இதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? (3 × 2) × (17 × 16) × 379720 = 619703040. அதாவது நூற்றுக்கு 62.7. 3உம் 17உம் உருவாக்கும் 32/51 என்ற விகிதமே கிட்டத்தட்ட முழுதையும் தீர்மானிக்கிறது. 379721இன் பங்கு கண்ணுக்கே தெரியாத அளவு.

படி 8: எண்ணையே இரண்டு வர்க்கமாக எழுதுங்கள்

3² × 17² = 51². எனவே நம் எண் 51² × 379721. 611, 80 இரண்டையும் 51ஆல் பெருக்கினால் முதல் விடை கையில் வந்துவிடும்:

31161² + 4080² = 971007921 + 16646400 = 987654321

இதோடு முடியவில்லை. 17² = 15² + 8² என்பதால் இன்னும் வழிகள் உண்டு. இரண்டு வர்க்கங்களின் கூட்டை இன்னொரு அப்படிப்பட்ட கூட்டால் பெருக்கினால் மறுபடியும் இரண்டு வர்க்கங்களின் கூட்டு கிடைக்கும். அதன் பொதுவான வடிவம் பிரம்மகுப்தரின் பெயரால் வழங்குகிறது. அ, ஆ ஒரு சோடி, இ, ஈ இன்னொரு சோடி என்றால், அஇ − ஆஈ ஒன்று, அஈ + ஆஇ மற்றொன்று. குறிகளை மாற்றினால் இரண்டாவது விடை.

15, 8 சோடியையும் 611, 80 சோடியையும் சேர்ப்போம். 15 × 611 = 9165, 8 × 80 = 640, 15 × 80 = 1200, 8 × 611 = 4888. கழித்துக் கூட்டினால் 8525, 6088. குறி மாற்றினால் 9805, 3688. மிச்சமிருக்கும் 3ஆல் பெருக்குங்கள்:

25575² + 18264² = 654080625 + 333573696 = 987654321
29415² + 11064² = 865242225 + 122412096 = 987654321

மொத்தம் மூன்று வழிகள், நான்காவது இல்லை. 17இன் அடுக்கு 2, 379721இன் அடுக்கு 1; (2 + 1) × (1 + 1) = 6, அதில் பாதி 3. 3² இந்த எண்ணிக்கையில் சேராது. 3 போன்ற, 4ஆல் வகுக்க 3 மீதி தரும் பகா எண், அடுக்கு இரட்டையாக இருந்தால் தடையும் போடாது, புது வழியும் தராது.

படி 9: தொடர் எண்களின் கூட்டு, வர்க்கங்களின் வேறுபாடு

இவை வகுத்திப் பட்டியலிலிருந்து நேராக வருபவை. 1ஐத் தவிர்த்து ஒற்றை வகுத்திகள் 17 இருப்பதால், அடுத்தடுத்த மிகை முழு எண்களின் கூட்டாக இதை 17 விதமாக எழுதலாம். 493827160 + 493827161 ஒன்று. 329218106 + 329218107 + 329218108 இன்னொன்று. 58097305 முதல் 58097321 வரை பதினேழு எண்களைக் கூட்டினாலும் வரும். 378421 முதல் 381021 வரையுள்ள 2601 எண்களைக் கூட்டினாலும் வரும்.

இரண்டு வர்க்கங்களின் வேறுபாடாக ஒன்பது வழிகள், ஒவ்வொரு வகுத்திச் சோடிக்கும் ஒன்று. உதாரணம்: 191161² − 188560².

படி 10: நூலிழையில் தவறியவை

ஒரு எண் என்னவாக இல்லை என்று பார்ப்பதும் அதை அறியும் வழிதான். இது முழு வர்க்கம் இல்லை. 31427²க்கு வெறும் 2008 குறைவு. இதே ஒன்பது இலக்கங்களை இடம் மாற்றிக் கிடைக்கும் மிகப் பெரிய வர்க்கம் 30384² = 923187456.

முக்கோண எண்ணா, அதாவது 1 + 2 + 3 + … என்று வரிசையாகக் கூட்டி வருவதா? அதற்கு 8 மடங்கோடு 1 கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். 8 × 987654321 + 1 = 7901234569. இதன் வர்க்கமூலம் 88888.89 அளவில் வருகிறது. முழு எண் இல்லை, ஆனால் இலக்கங்களைப் பாருங்கள்! இது தற்செயல் இல்லை. 81 மடங்கு 80000000001 என்பதால் இந்த எண் 800000² ÷ 81க்கு மிக அருகில் இருக்கிறது. அதன் வர்க்கமூலம் 800000 ÷ 9. ஆக, அருகிலுள்ள முக்கோண எண் 44444ஆவது: 44444 × 44445 ÷ 2 = 987656790. நம் எண் அதைவிட 2469 குறைவு.

இரும வடிவம் 111010110111100110100010110001. முப்பது இலக்கங்கள், அதில் ஒன்றுகள் 17. இந்த 17க்கும் காரணியான 17க்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எண்களோடு விளையாடும்போது இப்படிப்பட்ட ஒற்றுமைகள் வந்துகொண்டேதான் இருக்கும். 123456789இன் இரும வடிவத்தின் வலப்பக்கம் மூன்று பூச்சியம் சேர்த்து 1001 கூட்டினால் இது கிடைப்பது மட்டும் காரணத்தோடு வருவது: 8 மடங்கும் 9உம்.

படி 11: அடுத்த எண்ணில் முயலும்போது

இதே படிகளை 123456789இல் செய்து பார்க்க நினைப்பீர்கள். அங்கே 81 மடங்கு 9999999909, அதாவது 100000² − 91. இந்த உருவம் முந்தையதைப் போல நேர்த்தியாக இல்லை, பகா எண்களைச் சுலபமாக ஒதுக்கவும் உதவாது. எனவே கருவியை மாற்ற வேண்டும்.

9ஆல் வகுத்தால் 13717421. இதன் வர்க்கமூலத்தைத் தாண்டிய முதல் முழு எண் 3704. ஃபெர்மாவின் முறைப்படி அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டே, வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்து, மிச்சம் வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

3704² − 13717421 = 2195, வர்க்கம் இல்லை.
3705² − 13717421 = 9604 = 98².

இரண்டாவது முயற்சியிலேயே உடைந்துவிட்டது: (3705 − 98) × (3705 + 98) = 3607 × 3803. இரண்டு காரணிகளும் அருகருகே இருப்பதால்தான் இவ்வளவு சீக்கிரம். இதே முறையை 987654321இல் பிடித்திருந்தால் 31427இல் தொடங்கி, அதன் மிக நெருங்கிய சோடியான 2601 × 379721ஐ எட்ட 191161 வரை ஏற வேண்டியிருக்கும். அங்கே அது பயனில்லாத முறை.

3607உம் 3803உம் பகா எண்கள் என்று சரிபார்க்க 61 வரை வகுத்தால் போதும். இரண்டுமே 4ஆல் வகுக்க 3 மீதி தருபவை, அடுக்கும் 1தான். அதனால் 987654321ஐ மூன்று வழியில் இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடிந்தாலும், அதைத் திருப்பி எழுதிய 123456789ஐ ஒரு வழியில்கூடப் பிரிக்க முடியாது.